பூட்டிய கல்வீடுகள் உள்ள ஒழுங்கை அபிவிருத்தி அடைந்த இடமா? (மானிடப் புவியியல் – உயர்தரம்)

கோண்டாவில் மாணவி எழுதியது:

வணக்கம். நான் உயர்தரப் பரீட்சைக்குக் கலைப்பிரிவில் தோற்றவிருக்கும் மாணவி. புவியியலும் பொருளியலும் என் பாடங்கள். மானிடப் புவியியலில் அபிவிருத்தி பற்றிய அலகைப் படித்து முடித்தபின், படித்ததை எங்கள் ஒழுங்கையோடு பொருத்திப் பார்க்கப் போய்க் குழம்பி நிற்கிறேன்.

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் உள்ள எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள் உள்ளன. அவற்றுள் நான்கு ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கின்றன. முற்றம் கூட்டவும் விளக்கு வைக்கவும் மட்டும் ஆள் வந்து போகும். ஒரு வீட்டின் கேற்றுக்கு ஆன செலவில் எங்கள் வீட்டுக் கூரையையே மாற்றியிருக்கலாம் என்று அம்மா சொல்வார். மற்ற ஏழு வீடுகளில் ஐந்துக்குக் கனடாவிலிருந்தோ சுவிற்சர்லாந்திலிருந்தோ பணம் வருகிறது. ஒழுங்கை முழுவதிலும் மாதச் சம்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நான்கு பேர்தான். கண்ணுக்குச் செழிப்பான இடம். வேலை தேடினால் ஒன்றும் இல்லாத இடம். இதை அபிவிருத்தி அடைந்த இடம் என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா?

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. 2022ஆம் ஆண்டு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த இலங்கை, மனித அபிவிருத்திச் சுட்டியில் மட்டும் எப்படி “உயர்” பிரிவிலேயே நிற்கிறது? யாழ்ப்பாண மாவட்டம், பிறப்பு, இறப்பு வீதங்கள் உயர்விலிருந்து தாழ்வுக்கு இறங்குவதைக் காட்டும் குடித்தொகை நிலைமாற்ற மாதிரியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? விளக்கத்தை நீட்டி எழுதினாலும் பொறுமையாக வாசிப்பேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

பிள்ளை, நல்ல இடத்தில் குழம்பியிருக்கிறீர். முதலில் வளர்ச்சியையும் அபிவிருத்தியையும் பிரித்துக்கொள்ளும். ஓர் ஆண்டில் உற்பத்தியான பண்டங்களினதும் சேவைகளினதும் பெறுமதி கூடினால் அது பொருளாதார வளர்ச்சி. அந்த வளர்ச்சியினால் மனிதர் நீண்ட நாள் வாழ்கிறார்களா, படிக்கிறார்களா, தாம் விரும்பும் வாழ்க்கையைத் தெரிந்தெடுக்க வழி உண்டா என்று கேட்கத் தொடங்கும்போதுதான் அபிவிருத்தி பற்றிப் பேசுகிறோம். பொருளியலாளர்களான மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் ஆகியோரின் சிந்தனையிலிருந்து 1990இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் மனித அபிவிருத்திச் சுட்டியை வெளியிட்டது இந்தக் கேள்வியை முன்வைத்துத்தான்.

சுட்டியை மனப்பாடம் செய்யாமல் ஒரு தடவை கையால் கணித்துப் பாரும். உமது இரண்டாவது ஐயம் அங்கேயே தீரும். பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்க்கைக்குக் கீழெல்லை 20 ஆண்டு, மேலெல்லை 85 ஆண்டு. ஒரு நாட்டில் அது 77 என்று வைத்துக்கொண்டால், 77இலிருந்து 20ஐக் கழித்து, வரும் 57ஐ 65ஆல் வகுக்க 0.877 கிடைக்கும். கல்விக்கு இரண்டு அளவுகள் உண்டு: இன்று பாடசாலையில் சேரும் பிள்ளை எத்தனை ஆண்டு படிக்கும் என எதிர்பார்க்கலாம் என்பது ஒன்று (மேலெல்லை 18), வளர்ந்தவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு படித்திருக்கிறார்கள் என்பது மற்றது (மேலெல்லை 15). வருமானத்துக்குக் கொள்வனவுச் சக்திச் சமநிலைப்படி (நாடுகளின் விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்து) கணித்த தலைக்குரிய மொத்தத் தேசிய வருமானத்தை எடுத்து, 100 டொலரிலிருந்து 75,000 டொலர் வரையான அளவுகோலில் வைக்கிறார்கள். ஆனால் நேரடியாக அல்ல, மடக்கை (log) எடுத்து.

அந்த மடக்கையில்தான் சூட்சுமம் இருக்கிறது. தலைக்குரிய வருமானம் 2,000 டொலரிலிருந்து 4,000 டொலராகக் கூடினாலும், 20,000 டொலரிலிருந்து 40,000 டொலராகக் கூடினாலும், வருமானச் சுட்டி ஏறுவது ஒரே அளவு, ஏறத்தாழ 0.105. வறியவரின் கையில் சேரும் ஒரு டொலருக்கு உள்ள கனம் செல்வரின் கையில் சேரும் டொலருக்கு இல்லை என்பது கருத்து. அதே காரணத்தால், இலங்கை போன்ற ஒரு நாட்டின் வருமானம் ஓர் ஆண்டில் 10 வீதம் விழுந்தாலும் மொத்தச் சுட்டி 0.01 அளவுகூட இறங்காது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும் கிராமம் வரை போன இலவச மருத்துவமும் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த ஆயுளும் படிப்பும் எரிபொருள் வரிசையில் நின்ற ஓர் ஆண்டில் கரைந்து விடுவதில்லை. கடன் கட்ட முடியுமா என்பதையோ மத்திய வங்கியில் டொலர் இருக்கிறதா என்பதையோ இந்தச் சுட்டி கேட்பதே இல்லை. உலக வங்கியின் வகைப்படுத்தலோ வருமானத்தை மட்டும் பார்ப்பது. அதில் இலங்கை 2019இல் உயர் நடுத்தர வருமானப் பிரிவுக்கு ஏறி, அடுத்த ஆண்டே கீழ் நடுத்தரப் பிரிவுக்கு இறங்கியது. ஒரே நாடு இரண்டு அளவுகோல்களில் இரண்டு விதமாகத் தெரிவதை முரண்பாடு என்று எழுதாதீர்.

உமது ஒழுங்கைக்கு வருவோம். மொத்த உள்நாட்டு உற்பத்தி நாட்டின் எல்லைக்குள் உற்பத்தியானதை மட்டும் கணக்கிடும். கனடாவிலிருந்து வரும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது மொத்தத் தேசிய வருமானம். ஆகவே உங்கள் ஒழுங்கை உள்நாட்டு உற்பத்தியில் சிறியது, தேசிய வருமானத்தில் பெரியது என்று எழுதலாம்.

கணக்கேடு எழுதியது:

ஆசிரியர் அவர்கள் மன்னிக்க வேண்டும். கடைசிப் பந்தியில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பரீட்சை விடைத்தாள்களிலும் அடிக்கடி காணப்படும் தவறு என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தேசியக் கணக்கில் ஒருவர் எந்த நாட்டவர் என்பதை அவருடைய கடவுச்சீட்டு தீர்மானிப்பதில்லை, அவருடைய வதிவிடம்தான் தீர்மானிக்கிறது. ஓராண்டோ அதற்கு மேலோ வேறு நாட்டில் வாழ்பவர் அந்த நாட்டின் பொருளாதாரத்தைச் சேர்ந்தவர். ரொறன்ரோவில் இருபது ஆண்டுகளாக வாழும் அண்ணன் அங்கே பெறும் சம்பளம் கனடாவின் வருமானம். அதிலிருந்து அவர் அம்மாவுக்கு அனுப்பும் 300 டொலர், ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கும் மாற்றல் கொடுப்பனவு. அதற்கு ஈடாக இங்கே எதுவும் உற்பத்தியாகவில்லை. எனவே அது மொத்த உள்நாட்டு உற்பத்தியிலும் இல்லை, மொத்தத் தேசிய வருமானத்திலும் இல்லை. இந்த மாற்றல்களையும் கூட்டியபின் வரும் மொத்தத் தேசிய செலவிடத்தக்க வருமானம் என்ற மூன்றாவது கணக்கில்தான் அதைக் காணலாம். தேசிய வருமானத்தில் சேர்வது வெளிநாட்டிலிருந்து வரும் வட்டி, பங்கிலாபம், சில மாதங்களுக்கு மட்டும் போய் உழைத்துத் திரும்புபவரின் சம்பளம் போன்றவையே.

ஆகவே மனித அபிவிருத்திச் சுட்டியின் வருமானப் பகுதிகூட அந்த 300 டொலரை நேராகக் காண்பதில்லை. அம்மா அதை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் உள்ளூர்க் கத்தரிக்காய் வாங்கும்போதுதான் தோட்டக்காரரின் உற்பத்தி வழியாக அது கணக்குக்குள் நுழைகிறது. மேசன் கல் அடுக்கினால் அவருடைய கூலி கட்டுமானத் துறையில் சேர்க்கப்பட்ட பெறுமதியாகப் பதிவாகிறது. வீடு கட்டி முடிந்து, பூட்டிச் சாவியைக் கொண்டு போய்விட்டால் முற்றம் கூட்டுபவரின் சம்பளம்தான் மிச்சம்.

பதிவாகும் தொகையையும் கவனத்தோடு வாசிக்க வேண்டும். இலங்கைக்கு வெளிநாட்டு ஊழியர் அனுப்பிய பணமாக 2020இல் பதிவானது ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலர். 2022இல் ஏறத்தாழ 3.8 பில்லியன். அன்பு பாதியாகக் குறைந்ததா என்றால் இல்லை. வங்கி கொடுத்த நாணயமாற்று வீதத்துக்கும் வெளியில் கிடைத்த வீதத்துக்கும் இடைவெளி பெருத்தபோது பணம் உண்டியல் வழியே, அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, வந்தது. உண்டியலில் வந்தது ஒழுங்கைக்கு வந்தது, மத்திய வங்கியின் ஏட்டுக்கு வரவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி. நான் நீண்ட காலம் அப்படித்தான் கற்பித்து வந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. பிள்ளை, உமது கொப்பியில் நான் எழுதியதை வெட்டிவிட்டு அவர் எழுதியதை எழுதும்.

இனிக் குடித்தொகை. நிலைமாற்ற மாதிரியில் இரண்டே கோடுகள்தான் உள்ளன: பிறப்பு வீதம், இறப்பு வீதம். இலங்கை முழுவதற்கும் அது அழகாகப் பொருந்தும். 1946இல் ஆயிரத்துக்கு 20ஐ ஒட்டியிருந்த இறப்பு வீதம், மலேரியாவுக்கு எதிரான டிடிரி (DDT) பூச்சிகொல்லித் தெளிப்பும் வைத்தியசாலைகளின் விரிவும் சேர்ந்து வர, அடுத்த ஆண்டே 14ஐ ஒட்டி இறங்கியது. பிறப்பு வீதம் இறங்கப் பின்னும் நெடுங்காலம் எடுத்தது. இடைப்பட்ட அந்த வெளியில்தான் குடித்தொகை பெருகியது.

யாழ்ப்பாண மாவட்டத்துக்கு வந்தால் மாதிரி வாய் திறக்காது. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 8,30,552 பேர். 2012இல் ஏறத்தாழ 5,83,000 பேர். இதைப் பார்த்து “இரண்டரை இலட்சம் பேர் குறைந்துவிட்டனர்” என்று எழுதினால் முதலாவது பொறியில் விழுந்தீர். 1981இல் கிளிநொச்சியும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது, 1984இல்தான் பிரிந்தது. கிளிநொச்சிப் பகுதியின் 91,764 பேரைக் கழித்தால் ஒப்பிடத்தக்க தொகை 7,38,788. உண்மையான குறைவு ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு ஆண்டுகளின் தொகையை ஒப்பிடுமுன் எல்லை அதேதானா என்று பார்ப்பது புவியியல் மாணவரின் முதல் வேலை. இரண்டாவது பொறி, நடுவில் உள்ள வெற்றிடம்: 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001இல் நடந்தது வடக்கை முழுமையாக எண்ணவில்லை. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு இரண்டு புள்ளிகளை வைத்து வரையும் கோடு நேர்கோடாக இருக்கும். வாழ்க்கை அப்படி இருக்கவில்லை.

பிறப்பு, இறப்பு ஆகியவற்றோடு உட்பெயர்வு, வெளிப்பெயர்வு என்ற இரண்டையும் சேர்த்த குடித்தொகைச் சமன்பாடுதான் இங்கே உதவும். 1983 கலவரம், 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமை, 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் இரவோடிரவாக இடம்பெயர்ந்தமை ஆகியவற்றைத் தள்ளு காரணிகள் என்ற ஒரே தலைப்பின்கீழ் போடலாம். போட்டுவிட்டு, அது எவ்வளவு சிறிய சொல் என்பதையும் உணர்ந்துகொள்ளும். முதலில் போனவர் அடுத்தவரைக் கூப்பிட்டமை சங்கிலிக் குடிப்பெயர்வு. இளைஞர் போய்ப் பெற்றோர் மிஞ்சும்போது தங்கிவாழ்வோர் விகிதம் ஏறும்: 15 வயதுக்குக் கீழானவர்களையும் 65உம் அதற்கு மேலுமானவர்களையும் கூட்டி, இடைப்பட்டோர் தொகையால் வகுத்து நூறால் பெருக்கும். உமது ஒழுங்கைக்கே அதைக் கணித்துப் பாரும்.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. அமெரிக்க மிஷன் 1816இல் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியைத் தொடங்கியது. ஆறில்லாத, காணி குறைந்த குடாநாட்டில் ஆங்கிலக் கல்வி மட்டும் மிகுந்தபோது, அது கிளாக்கர்மாரையும் ரயில்வே உத்தியோகத்தரையும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றுமதி செய்தது. அவர்கள் அனுப்பிய பணத்தில் நின்ற ஊரை மணியோடர் பொருளாதாரம் என்றார்கள். என் பாட்டனார் வீட்டுச் சுவரில் மலாயாவின் ஈப்போவில் எடுத்த படம் ஒன்று தொங்கியது. வீடும் அந்தக் காசில் கட்டியதுதான்.

படிக்கட்டு எழுதியது:

பொருளியலாளர் றொஸ்ரோ 1960இல் சொன்ன பொருளாதார வளர்ச்சியின் ஐந்து கட்டங்களைப் பயன்படுத்தி, யாழ்ப்பாணம் மேலெழுகைக்கு, அதாவது வளர்ச்சி வேகம் பிடிப்பதற்கு, முந்திய கட்டத்தில் இருக்கிறது என்று எழுதினால் போதாதா? புள்ளி கிடைக்கும்.

கணக்கேடு எழுதியது:

புள்ளி கிடைக்கலாம். ஆனால் றொஸ்ரோ படியேறச் சொன்னது நாடுகளை; எல்லாரும் ஒரே படிக்கட்டில் முன்பின்னாக ஏறுகிறார்கள் என்பது அவருடைய எடுகோள். ஒரு பிரதேசம் பின்னிற்பதற்கு இன்னொரு பிரதேசத்தின் வளர்ச்சியே காரணமாகலாம் என்பதற்கு அதில் இடமில்லை. அதற்கு 1957இல் பொருளியலாளர் மிர்டால் சொன்ன பின்னீர்ப்பு விளைவு பொருத்தமானது: வளரும் மையம் சுற்றுப்புறத்தின் படித்த இளைஞரையும் முதலையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நாட்டின் குடித்தொகையில் கால்பங்குக்குச் சற்று மேலான மேல் மாகாணம் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைக் கொண்டிருக்கிறது. வடமாகாணத்தின் பங்கு 5 வீதத்தை ஒட்டியது. ஆனால் அதன் குடித்தொகைப் பங்கும் அந்த அளவானதே என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அழுகையாக முடியும்.

செம்பாட்டான் எழுதியது:

நான் ஆசிரியன் அல்லன். நீர்வேலிப் பக்கம் தோட்டம் செய்கிற குடும்பம். பாடசாலையில், நகரத்தைச் சுற்றிப் பயிர்கள் அமையும் விதத்தைச் சொல்லும் வொன் தூனனின் வளையங்களைப் படித்தபோது எனக்கும் இந்தத் தங்கச்சியைப் போலவே குழப்பம் வந்தது. ஆகவே தூரத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன்.

1826இல் அவர் சொன்னது, நிலம் எங்கும் ஒரே மாதிரி இருக்குமானால், சந்தைக்கு உள்ள தூரமும் ஏற்றுக்கூலியும் எந்தப் பயிர் எங்கே என்பதைத் தீர்மானிக்கும் என்பது. பாலும் மரக்கறியும் நகரத்தை ஒட்டி, தானியம் தள்ளி, மேய்ச்சல் நிலம் கடைசியில். எங்கள் பக்கத்தில் நிலம் ஒரே மாதிரி இல்லை. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் என்று செம்பாட்டு மண் எங்கே இருக்கிறதோ, சுண்ணாம்புக் கல்லின் அடியில் நல்ல தண்ணீர் எந்தக் கிணற்றில் ஊறுகிறதோ, அங்கேதான் தோட்டம். உவர் ஏறிய காணி யாழ்ப்பாண நகரத்துக்கு எவ்வளவு கிட்ட இருந்தாலும் அதில் வெங்காயம் வராது. இதைத்தான் அமைவிடத்தின் இயல்பு என்று எங்கள் சேர் சொல்வார்.

ஆனாலும் தூரம் வேறொரு வழியாக வந்து நிற்கும். பழுதாகாத, பாரம் குறைந்த, விலை கூடிய பொருள் எவ்வளவு தூரமும் போகும். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது அதனால்தான். 1970 முதல் 1977 வரை அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது எங்கள் செத்தல் மிளகாயும் வெங்காயமும் 400 கிலோமீற்றர் தள்ளியுள்ள கொழும்பில் நல்ல விலைக்குப் போயின. அப்பப்பா அந்தக் காலத்தில்தான் துலாவை விட்டு இறைப்பு மெசின் வாங்கினார், பத்துப் பரப்புத் தோட்டத்தை இருபது பரப்பாக்கினார். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டு மிளகாய் வந்தது. தூரம் மாறவில்லை, மண் மாறவில்லை, விலை மட்டும் மாறியது.

பிறகு யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 1990 முதல் 2002 வரையும், மறுபடி 2006 ஓகஸ்ட் முதல் 2009 வரையும் பூட்டிக் கிடந்தது. வரைபடத்தில் கொழும்பு அதே 400 கிலோமீற்றரில்தான் இருந்தது. கப்பல் வந்தால் சரக்குப் போகும், வராவிட்டால் வெங்காயம் கொட்டிலில் முளைக்கும். மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் அப்பா மறுபடியும் துலாவை நாட்டினார். தனித் தூரம் (கிலோமீற்றரில் அளப்பது), சார்புத் தூரம் (போய்ச்சேர ஆகும் நேரமும் செலவும்) என்று இரண்டு சொற்கள் பாடத்தில் வரும்போது மற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள். எனக்குக் கொட்டிலின் மணம் வந்தது.

கோண்டாவில் மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாட்களாக ஒழுங்கையில் கேட்டு எழுதினேன். ஏழு வீடுகளில் 26 பேர். 15 வயதுக்குக் கீழ் ஆறு பேர், 65உம் அதற்கு மேலும் எட்டுப் பேர், இடையில் பன்னிரண்டு பேர். பதினான்கைப் பன்னிரண்டால் வகுத்து நூறால் பெருக்கினால் 117 வருகிறது. கணக்குப் பிழையோ என்று இரண்டு முறை பார்த்தேன்.

ஒழுங்கை முனையில் புதிதாக எழும்பும் வீட்டுக்கும் போனேன். மேசன் அண்ணா கிளிநொச்சியிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறார். சீமெந்து, இரும்புக் கம்பி, தளவோடு மூன்றும் தெற்கிலிருந்து லொறியில் வந்தவை. மணலும் கல்லும்தான் வடக்கின் பொருள்கள். இதை எப்படி எழுதுவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

கணக்கு சரி. ஏழு வீடுகளை வைத்து மாவட்டத்தைப் பற்றி முடிவு சொல்லாதீர். ஒழுங்கையைப் பற்றி மட்டும் சொல்லும்.

புதிய வீட்டில் நீர் கண்டதற்குப் பெயர் கசிவு. ஊருக்குள் வரும் பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி மாறி வருமானத்தைப் பெருக்க வேண்டும். அதுதான் பெருக்கி விளைவு. வாங்கும் பொருள் வெளியிலிருந்து வந்தால் பணம் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும். சீமெந்தைக் கட்டாயம் எழுதும்: இந்தக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லை மூலப்பொருளாகக் கொண்டு 1950இல் காங்கேசன்துறையில் தொடங்கிய தொழிற்சாலை 1990இல் நின்றுபோனது. அன்று ஒரு மூடை சீமெந்துக்குக் கொடுத்த காசின் ஒரு பகுதி தெல்லிப்பழையிலும் மல்லாகத்திலும் சம்பளமாகத் திரும்பி வந்தது. கல்லை மறுபடி வெட்டலாமே என்று அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம். நமது குடிநீர் தேங்கி நிற்பதும் அதே கல்லுக்குள்தான்.

ஆகவே உமது முதற் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை எழுத வேண்டாம். நுகர்வில் உயர்ந்தது, உற்பத்தியில் தாழ்ந்தது, வயதுக் கட்டமைப்பில் சமனிழந்தது என்று மூன்று அளவுகளால் அளந்து, ஒவ்வொன்றுக்கும் உமது சான்றை வையும். மேசன் தன் கூலியை எங்கே செலவழிக்கிறார் என்று கேட்டீரா?

கோண்டாவில் மாணவி எழுதியது:

கேட்டேன், சேர். சாப்பாட்டுக்கும் பஸ்சுக்கும் இங்கே செலவழிக்கிறார்; மிச்சத்தைக் கிளிநொச்சிக்கு அனுப்புகிறார். மகனைக் கட்டாருக்கு அனுப்பக் காசு சேர்க்கிறாராம். அதைக் கசிவு என்ற நிரலில் போட்டிருக்கிறேன். பக்கத்தில் பென்சிலால் சங்கிலிக் குடிப்பெயர்வு என்றும் எழுதி, ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன்.

பூட்டிய நான்கு வீடுகளுக்கான நிரல்கள் இன்னும் வெறுமையாக உள்ளன. இரண்டு வீட்டுக்காரர் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார்கள் என்று முற்றம் கூட்டும் அக்கா சொன்னார். அப்போது கேட்டு நிரப்பிக்கொள்கிறேன்.